மின்சாரம் திரும்பி வந்த பிறகு

(பதுளையில் கணினி பயிலும் மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு வெளியான நாளிலிருந்து எனக்கு ஏழெட்டு அழைப்புகள் வந்துவிட்டன. ஹாலிஎலையிலிருந்து பேசிய ஒரு தகப்பனார் சுற்றி வளைக்காமல் கேட்டார்: "தம்பி, அந்த ரோபோ மாசத்துக்கு எவ்வளவு சல்லி உழைச்சுத் தரும்?" நான் சொன்னேன்: "ஐயா, எவ்வளவு உழைக்கும் என்று எனக்குத் தெரியாது. எப்படியெல்லாம் தொலைக்கும் என்று நன்றாகத் தெரியும். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்." அவர் வந்திருக்கிறாரோ தெரியவில்லை. வந்திருந்தால் முன்வரிசைக்கு வரலாம், இடம் இருக்கிறது.

எதைப் பற்றிய பேச்சு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சந்தை விலையைப் பார்த்து, முன்கூட்டி எழுதிவைத்த விதிப்படி, வாங்கவும் விற்கவும் தானாகவே கட்டளை அனுப்பும் நிரலை 'பொட்' என்கிறார்கள். நெற்றியில் வைக்கும் பொட்டு இல்லை. எப்போது வாங்க வேண்டும், எப்போது விற்க வேண்டும் என்ற விதி அதை எழுதுகிறவரின் கெட்டித்தனம். அது என் தொழில் இல்லை. அந்த பொட் குடியிருக்கும் வீட்டைக் கட்டுகிறவன் நான். மேசைக் கணினியில் நிறுவுகிற ஒரு மென்பொருள். அதற்குள் பத்து பொட் ஓடும். ஒன்றை நிறுத்தலாம், இன்னொன்றைத் தொடங்கலாம், எது எவ்வளவு வாங்கி வைத்திருக்கிறது என்று பார்க்கலாம். விதி நாற்பது வரியில் முடிந்துவிடும். வீட்டுக்கு இருபதாயிரம் வரி பிடிக்கிறது. ஏன் அவ்வளவு என்று கேட்டால், அதற்கு நம் ஊர் மின்சாரத்திலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

"இதைப் போய் பதுளையில் பேசப் போகிறாயா?" என்று கொழும்பு நண்பர் ஒருவர் சிரித்தார். சந்தை என்றால் கொழும்பு, லண்டன், நியூயோர்க் சமாசாரம் என்று அவருக்கு எண்ணம். நமக்கா சந்தை புதிது? ஜூலை பிறந்து கச்சான் காற்று இந்த மலைகளில் வறண்டு வீசத் தொடங்கினால், செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் ஒன்று ஏறுகிறது. அந்த வாசத்துக்கு விலை வைப்பது பெக்டரியும் இல்லை, கொழுந்து பறித்தவரும் இல்லை, கொழும்பு ஏலம். 1883 ஜூலை 30ஆம் திகதி தொடங்கிய ஏலம் அது. நூற்று முப்பத்தாறு ஆண்டுக்கு மேல் மண்டபத்தில் கூவிக் கூவி நடந்தது. 2020இல் ஊரடங்கு வந்ததும், சில வாரங்களுக்குள், ஏப்ரல் மாதமே கணினித் திரைக்குப் போய்விட்டது. நமுனுகுலையில் பறித்த கொழுந்துக்கு இன்று விலை சொல்பவர் குரல் எழுப்புவதில்லை, பொத்தானை அழுத்துகிறார். அந்தப் பொத்தானுக்கும் ஏலத்துக்கும் நடுவில் உள்ள கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்பது ஆகவே நம்முடைய கேள்வியும்தான்.

இன்னொரு சங்கதியும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1996இல் தொடங்கிய மிலேனியம் ஐடி என்ற இலங்கைக் கம்பனி பங்குச் சந்தைகளுக்கான மென்பொருளை எழுதியது. மாலபேயில் உட்கார்ந்து எழுதியது. 2009இல் லண்டன் பங்குச் சந்தை அந்தக் கம்பனியையே 3 கோடி டொலருக்கு வாங்கிக்கொண்டது. லண்டனில் அதுவரை ஓடிய முறைமை 2008 செப்டம்பர் 8ஆம் திகதி கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் படுத்துவிட்டிருந்தது. 2011 பெப்ரவரி 14 முதல் லண்டனின் பிரதான சந்தை நம் நாட்டில் எழுதிய மென்பொருளில் ஓடியது. பெருமைப்படலாம், நானும் படுகிறேன். ஆனால் கதையை அந்த இடத்தில் நிறுத்தினால் அது மேடைப் பேச்சாகிவிடும். பதினொரு நாள் கழித்து, பெப்ரவரி 25ஆம் திகதி, புதிய முறைமையிலும் வர்த்தகம் நான்கு மணி நேரம் போல நின்றது. அவ்வளவு பணமும் ஆள்பலமும் இருக்கிற இடத்திலேயே விழுகிறது. நம் மேசைக் கணினி எம்மாத்திரம்? அதனால் 'விழாத மென்பொருள் எழுதித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் அவருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

நான் படித்த பாடம் 2022இல். பசறை வீதியில் ஒரு மாடி அறை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக எழுதிய முதல் பதிப்பு என் மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்குப் பயமில்லை. மடிக்கணினிக்கு பெட்டரி இருந்தது, நான்கு மணி நேரம் தாங்கும். ரவுட்டருக்கு பெட்டரி இல்லை என்பதை நான் யோசிக்கவே இல்லை. தொலைபேசிக் கோபுரத்தின் பெட்டரியும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதையும்தான்.

நடந்தது இதுதான். பொட் ஒரு கொள்வனவுக் கட்டளையை அனுப்பியது. அடுத்த கணம் கரண்ட் போனது. கட்டளை சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே நிறைவேறியும் விட்டது. 'கிடைத்தது, வாங்கியாகிவிட்டது' என்ற பதில் திரும்பி வரப் பாதை இல்லை. என் நிரல் பத்து வினாடி காத்திருந்தது. பதில் வராததால் 'போகவில்லை' என்று தானே முடிவு கட்டிக்கொண்டது. இரண்டு மணி நேரம் கழித்து இணைப்பு வந்ததும் முதல் வேலையாக அதே கட்டளையை மறுபடி அனுப்பியது. ஒன்று வாங்க வேண்டிய இடத்தில் இரண்டு வாங்கியாயிற்று. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. என் நிரலின் கணக்கில் ஒன்றுதான் இருந்தது. விற்கும் நேரம் வந்தபோது ஒன்றை விற்றுவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது யாருக்கும் தெரியாமல் மூன்று நாள் அங்கேயே கிடந்தது, விலை இறங்கிக்கொண்டே போனது. வாடிக்கையாளர் தன் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நட்டம் உலகத்தைப் புரட்டும் தொகை இல்லை. என்னுடைய இரண்டு மாத வருமானம். நான் கொடுத்தேன்.

கவனியுங்கள், என் நிரல் அன்று செத்துப்போகவில்லை. ஒரு விநாடிகூட நிற்கவில்லை. திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. செத்திருந்தால் ஒருவேளை நான் எழுந்து போய்ப் பார்த்திருப்பேன்.

வாடிக்கையாளர் கூப்பிட்ட அன்றிரவு எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மா கொழுந்து பறித்தவர். எங்கள் லயத்துக் காம்பராவின் அடுப்படிச் சுவரில் அவருக்கென்று ஒரு மூலை உண்டு. கொழுந்தை மடுவத்தில் நிறுத்துவிட்டு வந்ததும் கரித்துண்டால் கோடு போடுவார். காலைக் கொழுந்து எத்தனை கிலோ, மத்தியானம் எத்தனை, பின்னேரம் எத்தனை, தண்ணிக்கும் கூடைக்கும் என்று எவ்வளவு கழித்தார்கள், முழுநாள் சம்பளமான முழுப்பேரா, பாதியான அரைப்பேரா, எல்லாம் அந்தக் கோடுகளில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கணக்கில் பிசகு வராது. சம்பளத்தன்று துண்டை வாங்கி வந்து, என்னை வாசிக்கச் சொல்லி, சுவரோடு ஒப்பிடுவார்.

கூலி சுவர்படி கிடைக்காது. தோட்டத்தின் சம்பளப் பதிவேடான செக்ரோல்படிதான் கிடைக்கும். அது அம்மாவுக்குத் தெரியும். கோடு முப்பது என்றும் செக்ரோல் இருபத்தேழு என்றும் சொன்னால், முப்பது என்று நினைத்துக்கொண்டு கடையில் கடன் வாங்க மாட்டார். இருபத்தேழை வைத்துத்தான் அந்த மாதச் செலவைப் போடுவார். மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளையைப் பிடித்து, "ஐயா, செவ்வாய்க்கிழமை பின்னேரக் கொழுந்து எங்கே போனது?" என்று கேட்பார். பல தடவை கணக்கப்பிள்ளை பக்கம் பிழை. சில தடவை அம்மாவே ஒரு கோட்டைக் கூடப் போட்டிருப்பார். யார் பிழை என்பது பிறகு. அன்றைய செலவு செக்ரோல்படி. வழக்கு கரிக்கோட்டின்படி.

பொட் ஓட்டும் மென்பொருளில் நான் எழுதிய இருபதாயிரம் வரியும் இந்த இரண்டு வாக்கியத்துக்கான உரைதான். நிரல் தனக்கென்று வைத்திருக்கும் பதிவு கரிக்கோடு. சந்தையின் புத்தகம் செக்ரோல். நிரல் எழுந்ததும், இணைப்பு மீண்டதும், ஒரு கட்டளையைக்கூட அனுப்பாமல், முதலில் சந்தையைக் கேட்க வேண்டும்: என் பெயரில் என்ன இருக்கிறது? நிறைவேறாமல் கிடக்கும் கட்டளைகள் எவை? நான் இல்லாதபோது எவை நிறைவேறின? வந்த பதிலைத் தன் பதிவோடு ஒப்பிட வேண்டும். பொருந்தினால் வேலையைத் தொடங்கலாம். பொருந்தாவிட்டால் சந்தையின் கணக்கை ஏற்றுக்கொண்டு, அந்த பொட்டை நிறுத்திவைத்து, மனிதரைக் கூப்பிட வேண்டும். தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே போகக் கூடாது.

சொன்னால் எளிது. செய்யும்போது சந்து பொந்தெல்லாம் வரும். சந்தையிடம் கேட்க வேண்டும் என்றால் எந்தக் கட்டளையைப் பற்றிக் கேட்கிறோம் என்று அடையாளம் வேண்டும் அல்லவா? அதனால் ஒவ்வொரு கட்டளைக்கும் நம் பக்கத்திலேயே ஒரு தனி எண் போட வேண்டும். அந்த எண்ணை அனுப்புவதற்கு முன்பே வட்டில் எழுதிவிட வேண்டும். எழுதிய பிறகுதான் அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டு எழுதினால், இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போகும். போகுமா என்று கேட்காதீர்கள், போகும். பதில் வராத கட்டளையை மறுபடி அனுப்ப நேர்ந்தால் அதே எண்ணோடுதான் அனுப்ப வேண்டும். ஒரே எண் இரண்டு தடவை வந்தால் இரண்டாவதை நிராகரிக்கும் வசதி பல சந்தைகளில் உண்டு. எல்லாவற்றிலும் இல்லை, ஆவணத்தை வாசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 2022இல் நான் மறுமுயற்சிக்குப் புது எண் போட்டேன். அந்த ஒரு வரியின் விலைதான் இரண்டு மாத வருமானம்.

எங்கே எழுதுவது? நான் எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். உங்கள் கைபேசிக்குள்ளும் அது இருக்கிறது. அது பிறந்த கதை நம் ஊருக்குப் பொருந்தும். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் இருந்தார். தரவுத்தளம் வேறொரு சேவையகத்தில் இருந்தது. அந்தச் சேவையகம் படுத்துவிட்டால் இவருடைய நிரல் 'தரவுத்தளத்தை அடைய முடியவில்லை' என்று சொல்லிவிட்டுக் கை விரித்துவிடும். திட்டு வாங்குவது இவர். நடுவில் சேவையகமே வேண்டாம், நேரே வட்டில் உள்ள ஒரு கோப்பை வாசித்தால் என்ன என்று யோசித்து 2000இல் அதை எழுதி வெளியிட்டார். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனாலும் பாதி எழுத்து நிற்காது. ஒன்றில் முழுப் பதிவும் இருக்கும், அல்லது அந்தப் பதிவே இருக்காது. வட்டு மலிவுச் சரக்காக இருந்து, எழுதாமலேயே 'எழுதிவிட்டேன்' என்று பொய் சொன்னால் அதற்கு ஹிப் பொறுப்பில்லை.

இணைப்பு இருக்கிறதா இல்லையா என்பதை எப்படி அறிவது? இதில் பலர் ஏமாறுகிறார்கள். அறுந்த இணைப்பு 'அறுந்துவிட்டேன்' என்று சொல்லாது. விலை வரவில்லை என்றால் சந்தை அமைதியாக இருக்கிறதா, கம்பி அறுந்துவிட்டதா? இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். 1992இல் ஃபிடெலிட்டி, சாலமன் பிரதர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் தமக்குள் பேசிக்கொள்ள உருவாக்கிய ஃபிக்ஸ் என்ற நெறிமுறையை இன்றும் உலகச் சந்தைகள் பயன்படுத்துகின்றன. அதில் பேச ஒன்றுமில்லாவிட்டாலும் குறித்த இடைவெளியில் 'இருக்கிறேன்' என்று ஒரு செய்தி போக வேண்டும். வராவிட்டால் 'இருக்கிறாயா?' என்று கேட்க வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் இணைப்பு செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் வேறு. நாற்பத்தொன்றுக்குப் பின் நாற்பத்து மூன்று வந்தால், 'நாற்பத்திரண்டைத் திருப்பி அனுப்பு' என்று கேட்கலாம். முப்பது வருடத்துக்கு முந்தைய நுட்பம். இன்று புதிதாக எழுதப்படும் எத்தனையோ பொட் நிரல்களில் இது இல்லை.

சரி, கணக்கை ஒப்பிடாமல் ஓடினால் எவ்வளவு தூரம் போகும்? என் இரண்டு மாதச் சம்பளத்தோடு நிற்குமா? அமெரிக்காவில் நைட் கெப்பிட்டல் என்று ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதிக்காகப் புதிய நிரலை எட்டுச் சேவையகங்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள். எட்டாவது விடுபட்டது. சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. அந்த எட்டாவதில் 2003இலேயே கைவிட்ட பழைய நிரற்பகுதி ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது. புதிய நிரலைத் தட்டி எழுப்ப வைத்திருந்த அதே அடையாளம் அங்கே பழையதைத் தட்டி எழுப்பிவிட்டது. அந்தப் பழைய பகுதிக்கு 'எவ்வளவு வாங்கியாயிற்று' என்று எண்ணிச் சொல்லும் பகுதி 2005இல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. அதாவது கரிக்கோடு போடும் சுவர் அதற்கு இல்லை. வாங்கியது தெரியாமல் வாங்கிக்கொண்டே இருந்தது. நிறைவேற்ற வேண்டியவை 212 கட்டளைகள். 45 நிமிடத்தில் 154 நிறுவனப் பங்குகளில் 40 இலட்சம் பரிவர்த்தனைகள், 39 கோடியே 70 இலட்சம் பங்குகள். நட்டம் 46 கோடி டொலர்.

இதில் என்னை இன்றைக்கும் உறுத்துவது வேறு. அன்று காலை சந்தை திறக்கும் முன்பே அந்த முறைமை ஊழியர்களுக்கு 97 மின்னஞ்சல் அனுப்பியிருந்தது, இங்கே ஏதோ பிழை இருக்கிறது என்று. ஒருவரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அவை 'எச்சரிக்கை' என்று பெயர் சூட்டி அனுப்பப்பட்டவை இல்லை. பிரச்சினை வெடித்தபின் பதறிப்போய், சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சேவையகங்களிலிருந்தும் புதிய நிரலைக் கழற்றினார்கள். அதனால் எட்டாவது செய்த வேலையை மற்ற ஏழும் செய்யத் தொடங்கின. அவசரத்தில் கை வைக்கிறவருக்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது.

'பேசாமல் வெளிநாட்டில் ஒரு சேவையகத்தை வாடகைக்கு எடுத்துவிட்டால் என்ன? அங்கே கரண்ட் போகாதே' என்று பின்வரிசையில் ஒரு தங்கை முணுமுணுப்பது கேட்கிறது. எடுக்கலாம். டொலரில் மாதக் கட்டணம், உங்கள் சந்தைக் கணக்கின் திறவுகோல் அடுத்தவர் வீட்டில். கையிருப்பு இருந்தால் செய்யுங்கள். ஆனால் நைட் கெப்பிட்டலின் எட்டுச் சேவையகங்களுக்கும் கரண்ட் நன்றாகவே இருந்தது.

மேசைக் கணினிக்கே உரிய சில தொல்லைகளை வேகமாகச் சொல்லிப் போகிறேன். சாளரத்தை மூடினால் பொட் நிற்கக் கூடாது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் திரை ஒரு நிரல், பின்னால் வேலை செய்வது வேறொரு நிரல் என்று பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு பொட்டும் தனிச் செயல்முறையாக ஓடட்டும். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் லயமே எரிவது நமக்குத் தெரிந்த கதை, நிரலையும் லயம்போலக் கட்டாதீர்கள். மடிக்கணினி மூடியைச் சாத்தினால் உறங்கிவிடும். வின்டோஸ் நடு இரவில் புதுப்பித்துக்கொண்டு தானே மறுபடி தொடங்கும். பழைய கணினியின் தாய்ப்பலகை பெட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். தப்பான நேரத்தோடு வரும் கட்டளையைப் பல சந்தைகள் ஏற்கா. இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான்: எந்த நேரமும் விழலாம் என்று நினைத்து எழுதுங்கள். ஸ்டான்ஃபோர்டில் ஜோர்ஜ் கண்டியா, அர்மாண்டோ ஃபொக்ஸ் என்ற இருவர் 2003இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். நிரலை நிறுத்தும் முறை ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அது விழுவது. தொடங்கும் முறையும் ஒன்றுதான், அது மீள்வது என்றார்கள். கேட்கும்போது கிறுக்குத்தனமாக இருக்கும். மின்வெட்டு அட்டவணையோடு வாழ்ந்தவருக்கு உடனே புரியும்.

சில்லறைக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். கணினி சாதாரணமாகப் பின்னங்களை வைத்துக்கொள்ளும் முறையில் 0.1உம் 0.2உம் கூட்டினால் சரியாக 0.3 வராது, கடைசியில் ஒரு துளி பிசகும். துளிதானே என்று விட்டுவிடாதீர்கள். கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தை 1982இல் ஒரு சுட்டெண்ணை 1000 என்று தொடங்கியது. ஒவ்வொரு பரிவர்த்தனையின்போதும் மூன்று தசமத்துக்கு மேற்பட்டதைக் கிட்டியதற்கு முழுமையாக்காமல் வெட்டி எறிந்தார்கள். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான வெட்டு. 1983 நவம்பரில் சுட்டெண் 520 போல விழுந்து கிடந்தது. திருத்திக் கணக்கிட்டபோது 1098. சந்தை ஏறியிருக்கிறது, கணக்குத்தான் இறங்கியிருக்கிறது! மடுவத்தில் அரைக்கிலோவை வெட்டுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்ட தோட்டத் துரைமாருக்கு இந்தக் கதையை யாராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்தது, நிறுத்தும் பொத்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சந்தைகளே வைத்திருக்கின்றன. கொழும்புப் பங்குச் சந்தையில் எஸ் அன்ட் பி எஸ்எல்20 சுட்டெண் 5 சதவீதம் விழுந்தால் அரை மணி நேரம் வர்த்தகம் நிற்கும், 10 சதவீதம் என்றால் அன்றைக்குக் கடை மூடல். 2022 ஏப்ரலில் சந்தையை ஒரு வாரம் மூடிவைத்துவிட்டு 25ஆம் திகதி திறந்தார்கள், அன்றே அந்த எல்லையைத் தாண்டி விழுந்து மறுபடி மூடப்பட்டது. உங்கள் மென்பொருளிலும் அப்படி ஓர் எல்லை வேண்டும். ஒரு நாளில் இவ்வளவு நட்டம், ஒரு நிமிடத்தில் இத்தனை கட்டளை, அதைத் தாண்டினால் எல்லா பொட்டும் நிற்க வேண்டும். அந்த எல்லையைப் பார்க்கிற பகுதி பொட்டுக்குள் இருக்கக் கூடாது, வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கள்ளனையே காவலுக்கு வைத்த கதையாகிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. சில சந்தைகளில், நம் இணைப்பு அறுந்து குறித்த நேரத்துக்குள் திரும்பாவிட்டால் நம்முடைய நிலுவைக் கட்டளைகளை அவர்களே இரத்துச் செய்யும் ஏற்பாடு உண்டு. அது இருந்தால் கண்டிப்பாகப் போட்டுவிடுங்கள். நம் வீட்டில் கரண்ட் போனால் நம்மால் எதையும் நிறுத்த முடியாது, அவர்களால் முடியும்.

பெற்றோர் பக்கம் திரும்பி ஒரு விடயம் சொல்ல வேண்டும். வட்ஸ்அப்பில் 'பொட்' என்று சொல்லி விற்கிறார்கள். இவ்வளவு சல்லி போடுங்கள், மாதாமாதம் இவ்வளவு வரும், இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் இன்னும் வரும் என்கிறார்கள். நான் இதுவரை சொன்ன எதுவும் அவர்களிடம் இருக்காது, பல நேரம் பொட்டே இருக்காது. ஆள் சேர்த்தால் காசு என்ற பிரமிட் திட்டம் நம் நாட்டில் வங்கிச் சட்டப்படி குற்றம். மெய்நிகர் நாணயம் என்று சொல்லி வந்தாலும், அந்த வியாபாரத்துக்கு எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதே 2024 செப்டம்பரில்தான், அதுவும் எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு. அந்தப் பேர்க்காசைக் கொண்டுபோய் முகம் தெரியாதவன் கையில் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் இந்தத் தொழிலைப் படிக்கட்டும். மென்பொருள் எழுதுவதற்குக் கூலி வாங்கட்டும். சூதாடுகிற சல்லி வேறு யாருடையதாகவாவது இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. முன்பெல்லாம் நான் இளையவர்களோடு வேலை செய்யும்போது ஒரு பயிற்சி கொடுப்பேன். உங்கள் நிரல் எதனாலெல்லாம் விழலாம் என்று தாளில் எழுதுங்கள் என்பேன். மின்வெட்டு, இடி, மண்சரிவில் அறுந்த கம்பி, பெட்டரி, வைரஸ், தம்பி பிளக்கைப் பிடுங்கினான் என்று இருபது முப்பது எழுதுவார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிறகு, முழு இலங்கையும் இருண்டது. காரணம், பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கு என்றார்கள். அதுவரை என்னிடம் வந்த எந்தத் தாளிலும் குரங்கு இருக்கவில்லை. அதன் பிறகு நான் அந்தப் பட்டியல் பயிற்சியை விட்டுவிட்டேன். எதனால் விழும் என்று கேட்பதில்லை. விழுந்து எழுந்ததும் உன் நிரல் யாரிடம் என்ன கேட்கும் என்று மட்டும் கேட்கிறேன்.

வெளியே மேசைகளில் உங்கள் கணினிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பயிற்சிச் சந்தையோடு இணைந்த பொட்கள், சல்லி எதுவும் உண்மை இல்லை. இப்போது தேநீர் இடைவேளை. அதற்குப் பிறகு நான் அங்கே வந்து ஒரு தடவை ரவுட்டரையும் இன்னொரு தடவை பிரதான பிளக்கையும் பிடுங்குவேன். எத்தனை மணிக்கு என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் கையில் ஒரு தாளும் பேனையும் வைத்துக்கொள்ளுங்கள், கரண்ட் போகும் அந்த நேரத்தில் சந்தையில் உங்கள் பெயரில் என்ன இருந்தது என்று எழுதிவைக்க வேண்டும்.